ஸ்ட்ரைப் போட்டு ஓஎஸ் ஏற்றுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

"அண்ணே, ரெண்டும் சேர்ந்து ஒண்ணாயிடுச்சு!" என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி திரையைக் காட்டினான். 1 டிபி டிஸ்க் இரண்டு போட்டிருந்தான். இன்ஸ்டாலரில் 2 டிபிக்கு ஒரே டிஸ்க் தெரிந்தது. அவன் முகத்தில் இருந்த பூரிப்பு எனக்குப் பழக்கமானது. நானும் ஒரு காலத்தில் அதே பூரிப்போடு ரெய்டு 0 (தரவைத் துண்டு போட்டு எல்லா டிஸ்கிலும் மாறி மாறி எழுதி, அவற்றை ஒரே டிஸ்காகக் காட்டும் முறை, இதைத்தான் ஸ்ட்ரைப் என்கிறோம்) போட்டு, அதே வேகத்தில் "நெக்ஸ்ட்" அழுத்தி, பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். அவன் கையை மவுஸிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டுப் பேசியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பேக்கப் எடு, கேபிளை ஒழுங்காகச் செருகு என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் செய்யமாட்டார்கள், அது வேறு கதை.

அந்த 0-க்கு அர்த்தம் உண்டு

1988-இல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ரெய்டு பற்றி எழுதிய கட்டுரையில் 1 முதல் 5 வரைதான் நிலைகள் இருந்தன. 0 பின்னால் ஒட்டிக்கொண்டது. உபரியாக எந்தப் பிரதியும் இல்லை என்பதுதான் அந்தப் பூஜ்யம். ஒரு டிஸ்க் ஒரு வருடத்தில் பழுதாகும் வாய்ப்பு 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு டிஸ்க் ஸ்ட்ரைப்பில் அது 5.9 சதவீதம், நான்கு போட்டால் 11.5. ஒன்று போனால் பாதிக் கோப்புகளாவது மிஞ்சும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பெரிய கோப்பும் எல்லா டிஸ்கிலும் துண்டு துண்டாகக் கிடக்கும். எந்தத் துண்டு எங்கே என்ற கணக்கும் அப்படியே சிதறிக் கிடக்கும்.

இது தெரிந்தே போடுகிறீர்கள் என்றால் சரி, மேலே போகலாம்.

மதர்போர்டு ரெய்டை நம்பி, எதையும் எழுதி வைக்காமல் விட்டது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் சாட்டா மோடை (டிஸ்குகளை மதர்போர்டு எப்படிக் காட்ட வேண்டும் என்ற அமைப்பு) ரெய்டு என்று மாற்றி, இரண்டு டிஸ்கைச் சேர்த்தால் பலரும் அதை ஹார்டுவேர் ரெய்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். மதர்போர்டில் அதற்கென்று தனிச் சிப் எதுவும் உழைப்பதில்லை. துண்டு போடும் வேலையைச் செய்வது சிபியுவில் ஓடும் டிரைவர். மதர்போர்டு செய்வதெல்லாம் பூட் ஆகும் நேரத்தில் இரண்டையும் ஒன்றாகக் காட்டுவது மட்டுமே. அதுவும் பயாஸில் அந்த ஒரு வரி "ரெய்டு" என்று இருக்கும்வரைதான்.

தெரிந்தவர் ஒருவருக்கு இப்படி விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தேன். மூன்று வருடம் நன்றாகவே ஓடியது. ஒரு நாள் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனது. அது தீர்ந்தால் பயாஸ் தன் சொந்த இயல்புக்குத் திரும்பும், அதன்படி சாட்டா மோடும் ஏஎச்சிஐ (டிஸ்குகளைத் தனித்தனியாகக் காட்டும் மோடு) ஆகிவிட்டது. விண்டோஸ் எழவில்லை. பயாஸ் கடிகாரம் பழைய தேதியைக் காட்டியது கண்ணில் பட்டது, ஆனால் மூளைக்குப் போகவில்லை. மனிதர் வேறு பின்னால் நின்றுகொண்டு "என்னாச்சு, என்னாச்சு" என்கிறார்.

யூஎஸ்பியில் பூட் செய்து பார்த்தேன். டிஸ்க் இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. முதல் டிஸ்கில் பார்ட்டிஷன் டேபிள் (எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல்) இருக்கிறது, ஆனால் உள்ளே எதுவும் படிக்க முடியவில்லை. காரணம் இப்போது தெரியும். ஸ்ட்ரைப் அளவு, அதாவது ஒரு துண்டின் அளவு, 128 கேபி என்றால், டேபிள் "1 எம்பியில் பார்ட்டிஷன் தொடங்குகிறது" என்று சொல்லும், ஆனால் அந்த இடத்துக்கான தரவு முதல் டிஸ்கில் 512 கேபியில் உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் அதற்கு முன்னால் இருந்ததில் பாதி அடுத்த டிஸ்கில் இருக்கிறது. ஆக, பார்ட்டிஷன் கெட்டுப்போனதுபோல் தெரியுமே தவிர, எதுவும் கெடவில்லை.

இரண்டாவது டிஸ்கில் டேபிளே இல்லை. "இந்த டிஸ்க் தொடக்கநிலைப்படுத்தப்படவில்லை, செய்யட்டுமா?" என்று ஒரு பெட்டி வந்தது. ஓகே பொத்தான் தயாராக எடுப்பாக நின்றது. அழுத்தினேன்.

அந்த ஒரு அழுத்தில் டிஸ்கின் தொடக்கத்தில் ஜிபிடி என்ற வகையில் ஒரு புது பார்ட்டிஷன் டேபிள் எழுதப்பட்டது. அதில் பெரிய நஷ்டம் இல்லை, அது விழுந்தது முதல் பார்ட்டிஷனுக்கு முந்தைய காலி இடத்தில். ஆனால் ஜிபிடி தன் நகலை டிஸ்கின் கடைசி 33 செக்டாரிலும் எழுதும். நான் போட்டிருந்த ரெய்டு, "நான் இன்ன ஸ்ட்ரைப்பின் இரண்டாவது உறுப்பு" என்ற தன் அடையாளக் குறிப்பை வைத்திருந்ததும் அதே வால் பகுதியில்தான். அது போயிற்று. பிறகு புத்தி வந்து, பயாஸில் ரெய்டு மோடைத் திருப்பிப் போட்டபோது, ஒரு உறுப்பைக் காணவில்லை, வால்யூம் செயலிழந்தது என்று சிவப்பில் எழுதிக் காட்டியது.

ஓகே அழுத்துவதற்கு முன் மோடை மாற்றியிருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்திருக்கும். இரண்டு நிமிட வேலை.

தரவு மீட்பவர்களிடம் கொண்டுபோனேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "ஸ்ட்ரைப் எத்தனை கேபி?" தெரியாது. "எது முதல் டிஸ்க்?" கழற்றும்போது அடையாளம் வைக்கவில்லை. டேபிள் இருப்பதுதான் முதல் டிஸ்க் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள், ஸ்ட்ரைப் அளவையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். கோப்புகள் வந்தன. கட்டணம் என் சம்பளத்திலிருந்து போயிற்று.

அதனால் மதர்போர்டு ரெய்டில் ஓஎஸ் ஏற்றுகிறவர்கள், ஏற்றும் அன்றைக்கே ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதி கேபினெட் மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்: சாட்டா மோடு என்ன, எந்தப் போர்ட்டில் எந்தச் சீரியல் நம்பர் டிஸ்க், ஸ்ட்ரைப் அளவு எவ்வளவு, எந்த டிரைவர் பதிப்பு. கேபினெட்டுக்குள் என்பது முக்கியம், அதே கம்ப்யூட்டரில் நோட்பேடில் சேமித்து வைத்த ஆளையும் பார்த்திருக்கிறேன். பேட்டரி தீர்ந்தாலும் சரி, பயாஸ் அப்டேட் செய்தாலும் சரி, யாராவது "லோடு டீஃபால்ட்ஸ்" தட்டினாலும் சரி, அந்த மோடு மாறக்கூடும். மெஷின் எழவில்லை என்றால் முதலில் பயாஸ், அப்புறம்தான் மற்றதெல்லாம். அதுவரை "சரிசெய்யட்டுமா", "ஃபார்மேட் செய்யட்டுமா" என்று எது கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

லினக்ஸ் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலியே தேவையில்லை. மோடு ஏஎச்சிஐ ஆகவே இருக்கட்டும், கர்னலிலேயே இருக்கும் எம்டி என்ற மென்பொருள் ரெய்டில் ஸ்ட்ரைப் போடுங்கள். போர்டு செத்தாலும் டிஸ்குகளை வேறு மெஷினில் மாட்டினால் தானாகச் சேர்ந்துகொள்ளும். விண்டோஸுக்கு அந்த வசதி இல்லை. டைனமிக் டிஸ்க் என்ற அதன் சொந்த மென்பொருள் ஸ்ட்ரைப்பிலிருந்து விண்டோஸையே பூட் செய்ய முடியாது. அதனால்தான் ஆட்கள் மதர்போர்டு ரெய்டுக்குப் போகிறார்கள். போகட்டும், தாளை ஒட்டிவிட்டுப் போகட்டும்.

இன்ஸ்டாலரில் டிஸ்க் தெரியவில்லை என்று மோடை மாற்றுவது

மாற்றாதீர்கள். விண்டோஸ் இன்ஸ்டாலரில் "லோடு டிரைவர்" கொடுத்து, மதர்போர்டின் ரெய்டு டிரைவரைக் காட்டுங்கள்.

பூட்டையும் ஸ்ட்ரைப்புக்குள் தள்ளுவது

லினக்ஸ் எம்டியில் இது அடிக்கடி நடக்கும். முழு டிஸ்கையும் ஸ்ட்ரைப்பில் கொடுத்துவிட்டு, இன்ஸ்டால் முடிந்ததும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யூஇஎஃப்ஐக்கு (பயாஸின் இன்றைய வடிவம்) எம்டி ஸ்ட்ரைப் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது சாதாரண ஃபேட் பார்ட்டிஷன் ஒன்றுதான். ஒரு டிஸ்கின் தொடக்கத்தில் 512 எம்பி ஒதுக்கி, இஎஃப்ஐ பார்ட்டிஷனை வெளியே வையுங்கள். பூட் கோப்புறைக்கும் 1 ஜிபி தனியாகக் கொடுத்துவிட்டால் பூட்லோடரான கிரப் திணறாது. இஎஃப்ஐக்கு இரண்டாவது டிஸ்கில் நகல் வேண்டுமா என்று கேட்பார்கள். எதற்கு? ஒரு டிஸ்க் போனாலே ஓஎஸ் போய்விடும், பூட்லோடர் மட்டும் பிழைத்து என்ன செய்யப்போகிறது?

ஸ்வாப்

ராம் போதாதபோது லினக்ஸ் டிஸ்கில் கடன் வாங்கும் இடம்தான் ஸ்வாப். அதற்கு ரெய்டு வேண்டாம். ஒவ்வொரு டிஸ்கிலும் ஒரு ஸ்வாப் பார்ட்டிஷன், இரண்டுக்கும் ஒரே முன்னுரிமை எண். கர்னலே மாறி மாறி எழுதும்.

ஸ்ட்ரைப் அளவில் ஒரு நாளைத் தொலைப்பது

32, 64, 256 என்று மாற்றி மாற்றி அளந்து, அட்டவணை போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன். ஓஎஸ் பூட் ஆகும் நேரத்தில் உணரும்படியான வித்தியாசம் ஒன்றும் இல்லை. எம்டி தானாக 512 கேபி வைக்கும், அப்படியே விடுங்கள். பெரிய கோப்பை வரிசையாகப் படிக்கும்போதுதான் ஸ்ட்ரைப் பறக்கும். ஓஎஸ் ஏறும்போது படிப்பதோ ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள். 7200 சுற்று ஹார்டு டிஸ்கில் தட்டு சுழன்று வரச் சராசரியாக 4 மில்லிசெகண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் இன்னொரு டிஸ்க் மாட்டினால் அந்தக் காத்திருப்பு குறையாது. பூட் நேரம் பாதியாகும் என்று நம்பி இதில் இறங்கியவர்கள் ஒரு எஸ்எஸ்டி வாங்கியிருக்கலாம்.

அளவு ஒவ்வாத டிஸ்குகள்

500 ஜிபியோடு 1 டிபியைச் சேர்த்தால் மதர்போர்டு ரெய்டு சின்னதன் அளவையே இரண்டுக்கும் எடுத்துக்கொள்ளும், மீதி அந்த ஸ்ட்ரைப்பில் சேராது. எம்டி மீதியையும் பயன்படுத்தும், ஆனால் அந்தக் கடைசிப் பகுதி ஒரே டிஸ்கில் ஓடுவதால் அங்கே ஸ்ட்ரைப்பின் வேகம் கிடைக்காது. மூன்று, நான்கு ஒவ்வாத டிஸ்குகளைச் சேர்த்து, மீதிப் பகுதி ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்கில் பரவினால் இன்னொரு வில்லங்கமும் உண்டு. கர்னல் 3.14-இல் இந்த மீதிப் பகுதியின் அடுக்குமுறை யாருக்கும் தெரியாமல் மாறிப்போனது. அதனால் 5.4 முதல், எந்த அடுக்குமுறை என்று நீங்கள் சொல்லாவிட்டால் இத்தகைய பழைய ஸ்ட்ரைப்பைக் கர்னல் தொடக்க மறுக்கும். சம அளவில் பார்ட்டிஷன் வெட்டிச் சேர்த்தால் இந்த வம்பு இல்லை.

பழைய டிஸ்கைத் துடைக்காமல் போடுவது

பழைய ரெய்டு முத்திரை உள்ளேயே இருக்கும், இன்ஸ்டாலர் குழம்பும். துடையுங்கள், ஆனால் சீரியல் நம்பரைப் பார்த்துவிட்டு. லினக்ஸ் முதலில் கண்ட டிஸ்குக்குக் கொடுக்கும் எஸ்டிஏ என்ற பெயரை உங்கள் இன்ஸ்டால் யூஎஸ்பி பிடித்திருக்கலாம்.

எம்டி0 போய் எம்டி127 ஆனது

லினக்ஸில் ரீபூட் செய்ததும் ஸ்ட்ரைப்பின் பெயர் இப்படி மாறினால், ரெய்டு விவரம் இனிட்ராம்எஃப்எஸ்-இல் (பூட்டின் தொடக்கத்தில் கர்னலோடு ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) ஏறவில்லை என்று அர்த்தம். எம்டியின் கான்ஃபிக் கோப்பில் எழுதி, இனிட்ராம்எஃப்எஸ்-ஐ மறுபடி உருவாக்குங்கள். எஃப்எஸ்டேபில் (எந்தப் பார்ட்டிஷனை எங்கே ஏற்றுவது என்ற கோப்பு) பெயருக்குப் பதில் யூயூஐடி (மாறாத அடையாள எண்) கொடுங்கள்.

தம்பி நான் சொன்னபடி தாளில் எழுதி ஒட்டினான். மூடியைத் திருகும் முன் எட்டிப் பார்த்தேன். ஸ்ட்ரைப் அளவு என்ற இடத்தில் "டீஃபால்ட்" என்று இருந்தது. அதை அடித்துவிட்டு 128 கேபி என்று எழுதவைத்தேன்.