ஏழு ஃபுளோரின் என்றதும் எஸ்பி3டி3 எழுதாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை நேரம் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். தோட்டத்திலிருந்து மோட்டாரில் வருகிறவர்கள், நன்றாகப் படிக்கிறவர்கள். ஆனாலும் அயோடின் ஹெப்டாஃபுளோரைடு ஏன் ஐங்கோண இருபிரமிடு வடிவத்தில் (நடுத்தளத்தில் சுற்றி ஐந்து ஃபுளோரின், அச்சில் மேலே ஒன்று, கீழே ஒன்று) இருக்கிறது என்று கேட்டால், "எஸ்பி3டி3 இனக்கலப்பு, சார்" என்று முடித்துவிடுகிறார்கள். ஒரு எஸ், மூன்று பி, மூன்று டி ஆர்பிட்டால்கள் (அணுவில் எலக்ட்ரான்கள் இருக்கும் இடங்கள்) கலந்து ஏழு பிணைப்புக்கு இடம் தருகின்றன என்பது அதன் பொருள். அது காரணமே இல்லை. வடிவம் தெரிந்த பிறகு நாம் ஒட்டுகிற பெயர் அது.

அயோடினின் 5டி ஆர்பிட்டால் ஆற்றலில் மிக உயரத்தில் இருப்பதால் பிணைப்பில் அதன் பங்கு சொற்பம். அச்சில் நேரெதிரே நிற்கிற இரண்டு ஃபுளோரின்களை எடுத்துக்கொள்ளுங்கள்: நடுவில் அயோடினின் ஒரே பி ஆர்பிட்டால், மூன்று அணுக்களுக்குமாக நான்கு எலக்ட்ரான்கள், அதிலும் பெரும்பங்கு ஃபுளோரின் பக்கம் சாய்ந்திருக்கும். 1951இல் பிமென்டெல் என்ற அமெரிக்க வேதியியலாளர் சொன்ன மூன்று மைய, நான்கு எலக்ட்ரான் பிணைப்பு இதுதான். ஏழு கோடு போட்டதால் ஏழும் முழுப் பிணைப்பு என்று நினைத்துவிட வேண்டாம்.

அப்புறம், பாஸ்பரஸ் பென்டாஃபுளோரைடில் அச்சுப் பிணைப்புதான் அதிக நீளம் என்று படித்ததை அப்படியே இங்கேயும் எழுதுகிறார்கள். இங்கே தலைகீழ்: அச்சில் சுமார் 179 பிக்கோமீட்டர், நடுத்தளத்தில் 186. ஒட்டுக்கடையின் (சாலையோரச் சாப்பாட்டுக் கடையின்) வட்ட மேசையில் ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்தால் ஆளுக்குக் கொஞ்சம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவார்கள் இல்லையா, நடுத்தளத்தில் 72 பாகையில் அடைந்து நிற்கிற ஃபுளோரின்களும் அப்படித்தான் விலகுகின்றன.

தனி ஜோடி எலக்ட்ரான் (பிணைப்பில் சேராத ஜோடி) எப்போதும் வடிவத்தைக் கோணலாக்கும் என்பதும் சரியில்லை. செனான் ஹெக்சாஃபுளோரைடில் கோணலாக்குகிறது. எட்டு ஃபுளோரின் கொண்ட செனான் அயனியிலோ கணக்குக்கு 9 ஜோடி இருந்தும், மேலே ஒரு சதுரம், கீழே 45 பாகை திருப்பிய இன்னொரு சதுரம், அவ்வளவுதான். ஒன்பதாவது ஜோடிக்கு இடமே தெரிவதில்லை.

உலோகங்களுக்கு வந்தால் கதை வேறு. யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடுக்கு எஸ்பி3டி2 என்று எழுதினால் 5எஃப் ஆர்பிட்டாலை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். டாண்டலத்தில் 5டி உண்மையாகவே பிணைப்பில் இறங்குகிறது. நம் மலேசிய வெள்ளீயக் கசடிலிருந்தும் எடுத்த உலோகம் அது. அதைப் பிரிக்கும்போது கிடைக்கிற பொட்டாசியம் ஹெப்டாஃபுளோரோடாண்டலேட்டிலும் ஏழு ஃபுளோரின்தான், ஆனால் வடிவம் ஐங்கோண இருபிரமிடு இல்லை. முக்கோணப் பட்டகத்தின் ஆறு மூலைகளில் ஆறு, ஏழாவது ஒரு பக்கத்து நாற்கர முகத்துக்கு வெளியே.