கீசரை எப்போது போட வேண்டும், எப்போது அணைக்க வேண்டும்?

மதுரையில் வீட்டைச் சூடாக்க அவசியமில்லை. மார்கழி, தை விடியலில் வெந்நீர் போதும். ஆனால் பல ஃபிளாட்டுகளில் காலை ஐந்து மணிக்குப் போட்ட கீசர் எட்டு மணி வரை ஓடுகிறது. அது வீண்.

15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45க்குக் கொண்டுவர ஏறத்தாழ 0.35 யூனிட்தான் ஆகும். 2000 வாட் கீசருக்கு பத்து, பதினோரு நிமிடம். குளிப்பதற்குச் சற்று முன் போட்டு, சூடானதும் அணைத்துவிடுங்கள். வீட்டில் எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்துவிட்டால் இன்னும் நல்லது.

வாட்டர் ஹீட்டர் ராடு வைத்திருப்பவர்கள் முதல் நாள் சாயங்காலமே பக்கெட்டில் பிடித்து மூடி வையுங்கள். வெயிலில் காய்ந்த மாடித் தொட்டித் தண்ணீர் அப்போது வெதுவெதுப்பாக இருக்கும். விடியற்காலைத் தொட்டித் தண்ணீர் சில்லென்று வரும். ஒன்று முக்கியம்: சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை வைக்கவே கூடாது. பிள்ளைகள் உள்ள வீட்டில் ராடே வேண்டாம் என்பேன்.

போர் தண்ணீர் என்றால் ராடில் வெள்ளையாக உப்பு படியும். சூடாக நேரமெடுக்கும். ஆறிய ராடை எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் பொருக்கு உதிர்ந்துவிடும்.

இரண்டு மாத மின் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் 500க்குக் கீழுள்ள யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடுகிறது. 480ஐ நெருங்கும்போதே மீட்டரைப் பாருங்கள்.