ஊரில் பரிசோதனை முகாம் வைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

எங்கள் குமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் நாகர்கோவிலிலும் லேப் போர்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் கோதையாறு பக்கத்து மலைக் குடியிருப்பிலோ வள்ளவிளைக் கடற்கரையிலோ போய்க் கேட்டால், நாற்பது வயது தாண்டியும் ஒருமுறைகூட சர்க்கரையும் பிரஷரும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். லேப்புக்குப் போய்வர அரை நாள் ஆகும், அந்த அரை நாள் கூலியும் போய்விடும். அதனால்தான் சங்கங்களும் பங்குப் பேரவைகளும் மகளிர் குழுக்களும் ஊரிலேயே முகாம் வைக்கின்றன. நல்ல காரியம். ஆனால் சில தவறுகளை நாங்கள் திரும்பத் திரும்பச் செய்தோம்.

பெரிய தவறு, நேரம். பத்து மணிக்கு முகாம் என்று நோட்டீஸ் அடிப்போம். ரப்பர் பால் வெட்டுகிறவர் விடியும் முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போகிறார். வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடித்து முடிக்க உச்சிப்பொழுது ஆகிவிடும். அப்போது முகாமுக்கு வருவது யார்? ஏற்கெனவே கையில் ரிப்போர்ட் வைத்திருக்கும் ஓய்வு பெற்றவர்கள். அவர்களும் வரட்டும், ஆனால் இதுவரை பார்க்காதவர் இந்த முறையும் விடுபட்டுப் போகிறார். மாலை ஐந்து மணிக்கு வைத்துப் பாருங்கள், வரிசையில் நிற்கும் முகங்களே வேறாக இருக்கும்.

கடற்கரை ஊர்களில் இன்னும் யோசிக்க வேண்டும். தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் படகுகள் போனால் திரும்பி வரப் பல வாரம் ஆகும். மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். கிழக்குக் கடல் கணக்கில் வரும் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆண்கள் வீட்டில் இருக்கும் நாட்கள் அவை. அதுவும் ஞாயிறு பூசை முடிந்த நேரம் என்றால் இன்னும் நல்லது.

நேரத்தோடு சேர்ந்த இன்னொரு சிக்கல் ‘வெறும் வயிறு’. குறைந்தது எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால்தான் வெறும் வயிற்றுச் சர்க்கரைக் கணக்கு சரிவரும். மாலை முகாமுக்கு வருகிறவர் பகலில் சாப்பிட்டிருப்பார். காலையில் வைத்தாலும், அதிகாலையில் வேலைக்கு இறங்குகிறவர் சீனி போட்ட ஒரு கட்டன் சாயாவாவது குடித்திருப்பார், அதை வெளியே சொல்லக் கூச்சப்படுவார். ஆகவே கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டார் என்று பக்குவமாகக் கேட்டு எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். வெறும் வயிற்றில் 126, அதற்கு மேல் என்றால் அது சர்க்கரை நோயின் அளவு. ஆனால் விரல் நுனி ரத்தத்தை வைத்து நோய் என்று முடிவு கட்டாமல், நரம்பில் ரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி டெஸ்டுக்கு வெறும் வயிறு தேவையில்லை. ரத்தசோகை இருந்தால் மட்டும் அந்த எண் மாறிக் காட்டலாம்.

எடுத்த ரத்தம் எத்தனை மணிக்கு லேப்புக்குப் போய்ச் சேருகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. சாதாரணக் குழாயில், அணுக்களைத் தனியே பிரிக்காமல் வைத்த ரத்தத்தில், அந்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும். மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் இறங்கும். பேச்சிப்பாறையில் காலையில் எடுத்து, எல்லோருக்கும் முடியட்டும் என்று நாலு மணி நேரம் காத்திருந்தால், 130 இருந்தவருக்கு 105க்குப் பக்கத்தில் ரிசல்ட் வரும். நோய் உள்ளவரிடம் ‘ஒன்றுமில்லை, போங்கள்’ என்று நாமே சொல்லி அனுப்புகிறோம். டெஸ்டே எடுக்காமல் இருப்பதைவிட இது மோசம் என்றுதான் எனக்குப் படுகிறது. சர்க்கரை டெஸ்டுக்கென்று இருக்கும் சாம்பல் நிற மூடிக் குழாய் இந்த இறக்கத்தைக் குறைக்கும், அடியோடு நிறுத்தாது. ஐஸ் பெட்டியில் வைத்து, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பைக்கில் ஆளை அனுப்புங்கள்.

விரலில் குத்தும் கருவி ஒன்றையே எல்லோருக்கும் பயன்படுத்தக் கூடாது. ஊசியை மாற்றினாலும் கருவியில் ஒட்டிய ரத்தத்தின் வழியே மஞ்சள் காமாலைக் கிருமி பரவும். ஒருமுறை குத்தியதும் எறிந்துவிடும் ஊசிதான் சரி. அந்த ஊசிகளும் ஊர்க் குப்பைக்குப் போகக் கூடாது. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போட்டால் கடற்காற்றின் ஈரத்தில் கெட்டுவிடும். பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். மைக் செட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள்.

‘முழு உடல் பேக்கேஜ்’ என்று முப்பது டெஸ்ட் போடும் ஆசையும் வேண்டாம். மருந்தோ வழியோ உடனே காட்ட முடிகிற டெஸ்டுகள் போதும்: பிரஷர், சர்க்கரை, ஹீமோகுளோபின், சிறுநீரில் புரதம், இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர்களுக்குக் காசநோய்க்கான சளிப் பரிசோதனை. வாடகை ஸ்கேன் மெஷினைக் கொண்டுவந்து வைப்பது சட்டச் சிக்கலில் முடியும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று அறிவதைத் தடுக்கும் 1994 சட்டப்படி மெஷினும் இடமும் பதிவானதாக இருக்க வேண்டும். முப்பது வயது தாண்டிய பெண்களுக்கான கருப்பை வாய்ப் பரிசோதனையைப் பள்ளி வகுப்பறையில் திரை கட்டிச் செய்யாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாள் கேட்டு அழைத்துப் போங்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் நாங்கள் கோட்டை விட்டது ரிசல்ட்டில். ஒரு முகாம் முடிந்து, தாள்களைச் சங்கக் கட்டிடத்து மேசையில் அடுக்கி, ‘வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று அறிவித்தோம். இரண்டு மாதம் கழித்தும் பாதித் தாள்கள் அங்கேயே கிடந்தன. அதில் ஒன்று ஒரு முந்திரி ஆலைத் தொழிலாளி அம்மாவுடையது. ஹீமோகுளோபின் 6.8, கடுமையான ரத்தசோகை. அந்த எண்ணோடு அவர் தினமும் வேலைக்குப் போய்வந்திருக்கிறார்.

போன் நம்பர் வாங்கத்தான் செய்தோம். எங்கள் ஊரில் பலர் வளைகுடாவில் இருக்கும் மகனின் நம்பரைத்தான் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டு நம்பரையும் வாங்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

இப்போது முகாமுக்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசிவிடுகிறோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் தன்னார்வலர் அக்காவும் முகாமில் உட்காருகிறார். புதிதாகத் தெரியவந்தவர்களை டாக்டர் பார்த்ததும், பெயர்கள் அக்காவின் நோட்டில் ஏறுகின்றன. பெரிய சிக்கல் உள்ளவர்களுக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் எந்தப் பிரிவு, எந்தக் கிழமை, எந்த பஸ் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம்.

அந்த அம்மாவை நாங்களே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அதற்கப்புறம், நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கும் முன்பு தெரு வாரியாக ஒரு பட்டியல் போடுகிறோம்: ரிசல்ட்டை யார் யார் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று. எல்லாத் தெருவுக்கும் ஆள் கிடைத்த பிறகுதான் தேதி குறிக்கிறோம்.