மொரீஷியஸ் வேட்பாளர் பட்டியலில் மதக் கணக்கைப் படிப்பது எப்படி

மொரீஷியஸில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் பொது வாக்கெடுப்பு நடப்பதில்லை. டிக்கெட் யாருக்கு என்று தலைமைதான் முடிவு செய்கிறது. மதமும் சமூகமும் அங்கேயே கணக்கில் ஏறிவிடும். அதனால் வேட்புமனு நாளிலேயே பட்டியலைக் கையில் எடுங்கள்.

தீவில் 20 தொகுதிகள், தொகுதிக்கு 3 இடம். ரோட்ரிக்ஸ் தீவுக்கு 2. ஒரு கட்சி நிறுத்தும் மூவரையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முஸ்லிம்கள் அதிகமுள்ள 3-ஆம் எண் தொகுதியில் அமைகிற மூவர் அணி, பல சமூகத்தாரும் கலந்து வாழும் 19-ஆம் எண் ஸ்டான்லி–ரோஸ்ஹில்லில் அமையாது.

மனுவில் எழுதிய சமூகத்தை அடுத்துப் பாருங்கள். சாசனத்தில் நான்கே வகை: இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், மற்ற எல்லாரும் பொது மக்கள். தமிழர் இந்துவுக்குள் அடக்கம். கட்சிகளோ தமிழர், தெலுங்கர், மராட்டியர் என்று பிரித்துத்தான் எண்ணுகின்றன. 1998-ல் புதிய ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியதும் எழுந்த எதிர்ப்பில் நோட்டுகளையே திரும்பப் பெற நேர்ந்தது. தமிழருக்குள்ள அந்த எடை சட்டத்தின் நான்கு வகையில் தெரியாது. பெயரை மட்டும் நம்பவும் வேண்டாம். பிள்ளை, செட்டி என்ற குடும்பப் பெயருள்ள கத்தோலிக்கரும் உண்டு.

வாக்குச் சீட்டில் சரியாக மூன்று பேருக்குக் குறியிட வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் செல்லாது. தம் சமூகத்தவர் ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு வர வழியில்லை. ஆகவே முடிவு வந்ததும் ஒரே அணி மூவரின் வாக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 11,000, 10,800, 8,200 என்று வந்தால், மூன்றாமவரை ஒதுக்கியவர்கள் அந்தக் குறியை எதிரணியில் யாருக்குக் கொடுத்தார்கள் என்று தேடுங்கள். அவசரப்பட்டு மதம் என்று முத்திரை குத்தாதீர்கள். ஆள் புதுமுகமாகவும் இருக்கலாம். அவருடைய முந்தைய தேர்தலோடு ஒப்பிட்ட பிறகே சொல்லுங்கள்.

சமூகச் சமநிலைக்காகத் தோற்ற வேட்பாளர்களுக்குக் கொடுக்கும் கூடுதல் இடங்கள்தான் பெஸ்ட் லூசர் இடங்கள்; அவை 8. சமூகத்தின் மக்கள்தொகையை, அது வென்ற இடங்களோடு ஒன்று கூட்டி வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு 6,00,000 பேருக்கு 39 இடம் என்றால் 40-ஆல் வகுத்து 15,000; 1,40,000 பேருக்கு 7 இடம் என்றால் 8-ஆல் வகுத்து 17,500. பெரிய ஈவு உள்ள சமூகத்துக்கே இடம். அந்த ஒன்றைக் கூட்ட மறந்தால் கணக்கே தப்பு. மக்கள்தொகைக்கு இன்றும் 1972 கணக்கெடுப்புதான். இத்தனை தலைமுறைக்குப் பிறகும் அதையே வைத்திருப்பது அநியாயம். சுயேச்சைகளுக்கு இதில் இடமில்லை. 2014-ல் மட்டும் சமூகத்தைக் குறிப்பிடாமல் மனு போட அனுமதித்தார்கள்.