நனவு சும்மா வேடிக்கைதான் பாக்குதுன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி

எல்லாத்தையும் மூளையே முடிவு பண்ணிடுது, நனவு, அதாங்க கான்ஷியஸ்னஸ், பின்னாடி உக்காந்து வேடிக்கை பாக்குது, அவ்வளவுதான்னு ஒரு பேச்சு ரொம்ப அடிபடுது. புதுசு இல்ல இது. 1874லயே இங்கிலாந்து உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, நனவ ரயில் இன்ஜின் விசிலோட ஒப்பிட்டு சொல்லிட்டார், சத்தம் வரும் ஆனா வண்டிய இழுக்கறது விசில் இல்லன்னு. அது சரியாக்கூட இருக்கலாம். ஆனா அதுக்கு ஆதாரம்னு காட்டுறதுல நிறைய தப்பா புரிஞ்சுகிட்டது, எனக்கு ஆதங்கமே அதுதான்.

மொதல்ல வார்த்தைல வர்ற குழப்பம். மயங்கி விழுந்தா "நினைவில்லாம கிடக்கார்"ங்கிறோம், பழசு ஞாபகம் வந்தாலும் "நினைவு வருது"ங்கிறோம். பைக்ல வீட்டுக்கு வந்து ஸ்டாண்ட் போட்டப்புறம் எந்த சிக்னல்ல நின்னோம்னே ஞாபகம் இல்லன்னா, வழி பூரா நனவில்லாம ஓட்டினோம்னு அர்த்தமா? குறுக்க நாய் ஓடினப்ப அது கண்ணுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கலாம், அப்புறம் மனசுல தங்கல. மறந்து போறது வேற, அந்த நேரத்துல உணராம இருக்கறது வேற.

அடுத்தது பிளைண்ட்சைட், அதாவது ஒண்ணும் தெரியலன்னு சொல்றவங்களே பாத்த மாதிரி சரியா பதில் சொல்றது, இங்கதான் அவசரப்படக் கூடாது. டி.பி.ங்கிற எழுத்தால மட்டும் தெரிஞ்ச ஒரு நோயாளிக்கு இங்கிலாந்துல மூளையோட வலது பின்பக்கம் ஆபரேஷன் பண்ணாங்க, அதுக்கப்புறம் இடது பக்கமா இருக்கறது எதுவும் அவருக்கு தெரியல. 1970கள்ல உளவியலாளர் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸோட குழு அவர டெஸ்ட் பண்ணுச்சு. அந்தப் பக்கம் ஒரு வெளிச்சம் போட்டு எங்கன்னு கை காட்டச் சொன்னா, தனக்கு ஒண்ணும் தெரியலன்னு சொல்லிகிட்டே குத்துமதிப்பா ஒரு இடத்த காட்டுவார், அது பெரும்பாலும் சரியான இடத்துக்கு பக்கத்துல இருக்கும். கோடு நிமிர்ந்து நிக்குதா படுத்திருக்கான்னு கேட்டாலும் அப்படித்தான்.

உடனே, நனவே இல்லாம பார்வை வேலை செய்யுது, அப்ப நனவு எதுக்குன்னு கேக்குறாங்க. யாரோ கேட்டு வற்புறுத்தினதாலதான் அவர் சொன்னார்ங்கிறத விட்டுடறாங்க. இந்த மாதிரி நோயாளிகள் தாகம் எடுத்தா, தெரியாத பக்கம் இருக்கற தண்ணி டம்ளர தானா எட்டி எடுக்கறதில்ல. தகவல் மூளைக்குள்ள போயிருக்கு, ஆனா அத வச்சு அவங்களா ஒரு காரியத்துல இறங்க முடியல, அந்த இடைவெளிதான் இதுல முக்கியமான விஷயமே. அதுக்காக நனவோட வேலை நிரூபணம் ஆயிடுச்சுன்னு இந்தப் பக்கமும் குதிக்கக் கூடாது, தத்துவ அறிஞர் நெட் பிளாக் 1995ல பிரிச்சுக் காட்டின மாதிரி தகவல பயன்படுத்த முடியறது ஒண்ணு, உள்ள "இப்படி இருக்கு"ன்னு அனுபவிக்கறது இன்னொண்ணு. போதாததுக்கு டி.பி.க்கு மங்கலா ஏதோ தெரிஞ்சிருக்கும், அத பார்வைன்னு சொல்லத்தான் தயங்கினார்னு வாதாடுறவங்களும் இருக்காங்க.

அப்புறம் மூளை ஆராய்ச்சியாளர் பெஞ்சமின் லிபெட். 1983 பேப்பர். 2.56 செகண்டுக்கு ஒரு சுத்து சுத்துற புள்ளிய பாத்துகிட்டே தோணும்போது கைய அசைக்கணும், எப்ப தோணுச்சுன்னு புள்ளி இருந்த இடத்த சொல்லணும். அசையறதுக்கு சுமார் அர செகண்ட் முன்னாடியே மூளைல சிக்னல் ஏற ஆரம்பிச்சுது, தோணினதா சொன்னது 0.2 செகண்ட் முன்னாடிதான். முடிவு முன்கூட்டியே ஆயிடுச்சுன்னு இத வச்சு சொல்லிடறாங்க, ஆனா லிபெட்டே கடைசி நேரத்துல வேண்டாம்னு நிறுத்த நனவுக்கு வாய்ப்பு இருக்குன்னுதான் சொன்னார். 2012ல ஷர்கர் குழு இன்னொரு விளக்கம் கொடுத்துச்சு: மூளைல எப்பவும் ஏறி இறங்கற இரைச்சல் ஒரு அளவ தாண்டினா கை அசையும், அசைஞ்ச நேரத்துலேர்ந்து பின்னோக்கி சராசரி எடுத்தா அது மெதுவா ஏறின மாதிரிதான் தெரியும். அப்ப அந்த ஏத்தத்தோட ஆரம்பம் முடிவு எடுத்த நேரமா இருக்கணும்னு இல்ல.

கைய சும்மா அசைக்கறத வச்சு வாழ்க்கைல எடுக்கற முடிவு பூராவையும் அளக்கறதுதான் எனக்கு தாங்கல. 2019ல மாவோஸ் குழு, எந்த தொண்டு நிறுவனத்துக்கு 1000 டாலர் போகணும்னு ஆளுங்களையே நிஜமா தேர்ந்தெடுக்க வச்சாங்க. எந்த பட்டன அமுக்கினாலும் ரெண்டு நிறுவனத்துக்கும் சமமா பணம் போகும்னு இருந்தப்ப, லிபெட் பாத்த அந்த மூளை சிக்னல் வழக்கம்போல வந்துச்சு. தேர்வால பலன் மாறும்னு யோசிச்சு அமுக்கினப்ப, அது கிட்டத்தட்ட காணவே இல்ல.