ஜெலட்டின் இல்லாத மார்ஷ்மெல்லோ: அகர் அகர் போதும்

கடை மார்ஷ்மெல்லோவில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருப்பதால் சைவர்கள் பலர் தொடுவதில்லை. சிங்கப்பூரில் ஃபேர்பிரைஸ் கடைகளிலும் தேக்கா சந்தையிலும் கிடைக்கும், கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் தூளும், டின் கொண்டைக்கடலைத் தண்ணீரும் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். உப்பில்லாத டின்னாகப் பாருங்கள்.

120 மில்லி கடலைத் தண்ணீரைக் குளிர வைத்து, கால் தேக்கரண்டி கிரீம் ஆஃப் டார்ட்டர் (நுரையை நிலைக்க வைக்கும் புளிப்புத் தூள்) சேர்த்து, மின் பீட்டரால் 8 முதல் 10 நிமிடம் அடியுங்கள். கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் நுரை நகரக்கூடாது. துளி எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தாலும் நுரை எழும்பாது.

150 மில்லி தண்ணீரில் 2 தேக்கரண்டி அகர் அகர் தூளைக் கலக்கி, 3 நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். தூள் முழுதாகக் கரைந்த பிறகே 200 கிராம் சர்க்கரை. முதலிலேயே போட்டால் தூள் சரியாகக் கரையாமல் மணல் மணலாக நிற்கும். எலுமிச்சைச் சாற்றை இதில் கொதிக்க விடவே கூடாது. புளிப்பு அகரின் பிடிப்பைக் கெடுத்துவிடும். பாகு 110 டிகிரி வந்ததும், பீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்லிய இழையாக நுரையில் ஊற்றி, வெனிலா சேர்த்து, உடனே தட்டில் கொட்டிப் பரப்புங்கள். அகர் 40 டிகிரி அளவிலேயே உறையத் தொடங்கும். தாமதித்தால் கிண்ணத்திலேயே கட்டிதட்டிவிடும்.

நம் ஊர் ஈரப்பதத்துக்கு ஏர்கான் அறையில் 4 மணி நேரம் வைப்பது நல்லது. வெறும் வாணலியில் லேசாக வறுத்த சோளமாவும் (கார்ன்ஃப்ளார்) ஐசிங் சர்க்கரையும் சம அளவு கலந்து எல்லாப் பக்கமும் புரட்டி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மறுநாள் கசிந்தால் மீண்டும் புரட்டிக்கொள்ளலாம். சூடான மைலோவில் போட்டால் ஜெலட்டின் வகைபோல் உருகாது, அகர் உருக 85 டிகிரி வேண்டும்.