ஆயிரம் ரூபாயில் ஒரு ரயில் பாதை: போக்குவரத்துத் திட்டமிடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்திய பட்ஜெட் முடிந்ததும் எந்த ரயில் பாதைக்கு எவ்வளவு பணம் என்று சொல்லும் ‘பிங்க் புக்’ வெளியாகும். திண்டிவனம்–திருவண்ணாமலை, ஆவடி–கூடுவாஞ்சேரி போன்ற புதிய பாதைகளுக்குச் சில ஆண்டுகளில் அதில் ஒதுக்கப்பட்ட தொகை ஆயிரம் ரூபாய். அச்சுப்பிழை இல்லை. திட்டத்தைக் கைவிட்டோம் என்று சொல்ல மனமில்லாதபோது, கணக்குத் தலைப்பு மூடப்படாமல் இருப்பதற்காக இடும் தொகை அது.

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். ரயில் பாதை போடப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். பணமோ ஆண்டுக்கு ஆண்டு, அன்றைய நிதியமைச்சரின் கையிருப்பைப் பார்த்து வருகிறது. ஒப்புதல் தருவதற்குச் செலவில்லை என்பதால் பட்டியல் நீள்கிறது. இருக்கிற பணத்தை நூறு திட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் எதுவும் முடியாது. தாமதத்தில் எல்லாவற்றின் செலவும் ஏறும். கையில் உள்ள பணத்துக்கு எத்தனை பாதைகளை முடிக்க முடியுமோ, அத்தனையை மட்டும் எடுத்துக்கொள்வது அரசியலில் கடினம். ஆனால் வேறு வழியில்லை.

சரக்கு ரயில்களுக்கான தனிப் பாதைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கென்று 2006இல் தனி நிறுவனம் தொடங்கினார்கள். கிழக்குப் பாதைக்கு உலக வங்கியும் மேற்குப் பாதைக்கு ஜப்பானும் கடன் கொடுத்தன. நிலம் எடுப்பதில் சிக்கல்கள் இருந்தும், லூதியானாவிலிருந்து பீகாரின் சோன்நகர் வரையிலான கிழக்குப் பாதை 2023இல் முடிந்தது. அதே பாதையில் சோன்நகரிலிருந்து கொல்கத்தா அருகே தன்குனி வரையிலான பகுதியைத் தனியார் முதலீட்டில் கட்டலாம் என்று தள்ளி வைத்தார்கள். அது காகிதத்திலேயே நின்றுவிட்டது. வரைபடம் ஒன்றுதான், பணம் உறுதியான இடத்தில் ரயில் ஓடுகிறது.

அடுத்தது, உடன்பாடு வருவதற்கு முன்பே அடிக்கல் நாட்டுவது. சென்னைத் துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். சுமார் 19 கிலோமீட்டர், 1,655 கோடி ரூபாய். தூண்கள் கூவத்தின் நீரோட்டத்தைத் தடுக்கும் என்று 2012இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. ஆட்சேபம் நியாயமானதா, அரசியலா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எதுவாக இருந்தாலும் அது தூண் எழுவதற்கு முன்பு தீர்ந்திருக்க வேண்டிய கேள்வி. பாதி எழுந்த தூண்கள் ஆண்டுக்கணக்கில் ஆற்றோரம் நின்றன. 2022 மே மாதம் பிரதமர் மோடி, ஈரடுக்குச் சாலையாக மாற்றப்பட்ட அதே திட்டத்துக்கு மீண்டும் அடிக்கல் நாட்டினார். இம்முறை மதிப்பு 5,850 கோடிக்கு மேல். வடிவம் மாறியதும் செலவு ஏறியதற்கு ஒரு காரணம் என்பது உண்மை. ஆனால் சாலை இல்லாமலே போன அந்தப் பத்தாண்டுகளில் துறைமுகத்து லாரிகள் வரிசையில் நின்று எரித்த டீசல் எந்த மதிப்பீட்டிலும் இல்லை.

நிலத்திலும் இதே கதைதான். வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயில் நீட்டிப்பு வெறும் ஐந்து கிலோமீட்டர். ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத்துக்கான இழப்பீட்டு வழக்கு அதைப் பல ஆண்டுகள் முடக்கிப்போட்டது.

செலவைக் குறைத்துக் காட்டுவது இன்னும் பழைய பழக்கம். மத்திய அரசின் நெடுஞ்சாலைத் திட்டமான பாரத்மாலாவின் முதல் கட்டத்துக்கு 2017இல் ஒப்புதல் தந்தபோது 34,800 கிலோமீட்டருக்கு 5.35 லட்சம் கோடி என்றார்கள். அரசின் செலவுகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி 2023இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 26,316 கிலோமீட்டருக்கே 8.46 லட்சம் கோடிக்கு அனுமதி தரப்பட்டிருந்தது. கிலோமீட்டருக்கு 15.37 கோடி என்ற கணக்கு 32.17 கோடியாக ஏறியிருந்தது. இந்த ஒப்பீட்டைச் சாலைத் துறை அமைச்சகம் ஏற்கவில்லை. ஆனாலும் நிலத்தின் விலை உயரும் என்பது 2017இல் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை.

இடைவெளியைக் கடன் நிரப்பியது. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கடன் சுமார் 3.5 லட்சம் கோடியைத் தொட்ட பிறகு, 2022–23இல் இனிப் புதுக் கடன் வேண்டாம் என்று பட்ஜெட்டிலிருந்தே பணம் தரத் தொடங்கினார்கள். ஆணையத்தின் பெயரில் வாங்கிய கடன் அரசின் பற்றாக்குறைக் கணக்கில் வராது. பார்ப்பதற்கு அழகாக இருக்கும். அடைப்பது என்னவோ சுங்கச்சாவடியில் நிற்பவரும் வரி கட்டுபவரும்தான்.

துறைகள் தனித்தனியே திட்டமிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மத்திய அரசு அமைத்த ராகேஷ் மோகன் குழு 2032 வரைக்குமான போக்குவரத்தை ஒன்றாகப் பார்த்து 2014இல் அறிக்கை தந்தது. ரயில், சாலை, துறைமுகம், விமானம் ஆகியவற்றுக்கு இன்றும் தனித்தனி அமைச்சகங்கள். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டபோது, பக்கத்தில் தண்டவாளம் ஓடியும் இறங்க ஒரு ரயில் நிலையம் இல்லை.

கடைசியாகப் பராமரிப்பு. பழைய தண்டவாளத்தை மாற்றினால் ரிப்பன் வெட்ட யாரும் வருவதில்லை. ரயில் பாதுகாப்புக்கென 2017–18இல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய் நிதியம் அமைத்தார்கள். ஆண்டுக்கு 15,000 கோடி பட்ஜெட்டிலிருந்து, 5,000 கோடி ரயில்வேயின் சொந்த வருவாயிலிருந்து என்பது ஏற்பாடு. முதல் நான்கு ஆண்டுகளில் ரயில்வே தன் பங்காக 20,000 கோடி போட்டிருக்க வேண்டும். அதில் முக்கால் பங்குக்கும் அதிகமான தொகை வந்து சேரவே இல்லை என்று சிஏஜி கணக்கெடுத்தது.